அக்கா விழுந்த வருடம்

என் ஓரகத்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

கீழவாசலிலிருந்து நெல்பேட்டைக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் என் மாமியார் வீடு. கீழே எவர்சில்வர் பாத்திரக் குடோன், மேலே இரண்டு மாடி. மாமனார் நான் வருவதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். கடையை என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பார்த்தார்கள். கொழுந்தன் ஷார்ஜாவில் வேலை பார்த்தான். நாத்தனார் கல்யாணத்துக்கு இருந்தாள். கணவரின் அண்ணன் மனைவிதான் நான் சொல்லும் ஓரகத்தி. எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் படித்தவள். ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். நேரில் பேசும்போது "அக்கா", "வாங்க, போங்க" எல்லாம் உண்டு. எழுதும்போது "அவர்" என்று போட எனக்குக் கை வரவில்லை.

நான் கொட்டாம்பட்டிக்காரி. திருச்சி ரோட்டை ஒட்டி என்னைப் பெற்ற அத்தாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுப்பட்டில் எந்தக் கிணற்றில் பம்புசெட் புகைந்தாலும் அது அத்தாவின் மேஜைக்குத்தான் வரும். நான் தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து தமிழ் மீடியத்தில் பி.ஏ. வரலாறு படித்தேன். கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு நிக்காஹ். ஒரு பேப்பர் மட்டும் நின்றுவிட்டது. மத்தியகால உலக வரலாறு. அதில் பெரிய கேள்வியாக வந்தது சிலுவைப் போர்கள். எனக்கு அந்த வருடங்கள் எல்லாம் தெரியாதவர்களின் போன் நம்பர் மாதிரி. ஒன்று தலைக்குள் நுழைந்தால் இன்னொன்று வெளியே போய்விடும்.

அரியர் இருப்பது தெரிவதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று போட்டிருந்தார்கள். அத்தா சம்பந்தி வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. "எழுதிப் பாஸ் பண்ணிருவ, இதைப் போயி என்னத்தச் சொல்ல" என்று விட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை ஓரகத்திதான். யாருக்கு உறைப்பு ஆகாது, யாரிடம் எந்த நேரத்தில் பேசக் கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அரியர் விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி பயப்படுறியே. நான் சொல்லித் தாரேன். யாருக்கும் தெரியாம எழுதிரு" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெருநாளுக்குக் கொழுந்தன் லீவில் வந்தான். சென்ட்டு, சோப்பு, போர்வை எல்லாவற்றோடும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்தான். அட்டை விளையாட்டு. "அண்ணி ரெண்டு பேரும் ஹிஸ்டரியில்ல, அதான் வாங்கினேன்" என்றான். அத்தனை அட்டையும் சிலுவைப் போர்கள்.

ஆட்டம் சுலபம். அட்டையின் ஒரு பக்கத்தில் படமும் நடந்த சம்பவமும் இருக்கும். திருப்பினால் வருடம். ஆளுக்கு ஐந்து அட்டை, வருடம் தெரியாமல் முன்னால் பரப்பிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு அட்டையை வருடம் தெரியத் திருப்பி வைப்பார்கள். நம் முறை வரும்போது, நம்முடைய சம்பவம் அதற்கு முன்னாலா பின்னாலா என்று முடிவுசெய்து அந்த இடத்தில் வைத்துத் திருப்ப வேண்டும். சரியாக இருந்தால் வரிசையில் நிற்கும். தப்பாக இருந்தால் அந்த அட்டை வெளியே போய்விடும், அட்டைக்கட்டிலிருந்து புதிதாக ஒன்று நம்மிடம் வரும். வரிசை நீள நீள இடம் கண்டுபிடிப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும். கையில் உள்ளதை முதலில் தீர்த்தவர் ஜெயித்தவர்.

முதல் இரண்டு நாள் வீட்டு ஆட்கள் மட்டும் ஆடினோம். மாமி ஆடவில்லை, ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எருசலேமை அவர் பைத்துல் முகத்தஸ் என்றுதான் சொல்வார். 1099 அட்டை திரும்பி, ஊர் பறிபோனது என்று கொழுந்தன் சொன்னால் "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைப்பார். 1187 திரும்பி ஊர் மீண்டது என்றால் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் இது நடக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓரகத்திதான் ஜெயிப்பாள். நான் சிரித்துக்கொண்டே தோற்றேன். அதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்றாம் நாள் நாத்தனாருக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகபூப்பாளையத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது அவருடைய அத்தாவுக்கு அண்ணன், ஒரு பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருக்கிறவர், நன்றாகப் படித்தவர், கணீரென்று பேசுவார். சாப்பாடு முடிந்ததும் கொழுந்தன் பெட்டியை எடுத்தான். பெரியத்தா உற்சாகமாகி, "அட, இப்படி ஒரு ஆட்டமா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓரகத்தி ஒவ்வொரு அட்டையையும் வைக்கும்போது அவருக்கு ஒரு விளக்கம் கொடுத்தாள்.

என் முறை வந்தது. அட்டையில் ஆங்கிலத்தில் Acre என்று ஒரு ஊர்ப் பெயர். நான் அதை "ஏக்கர்" என்று வாசித்தேன். வாசித்துவிட்டுத் தப்பான இடத்தில் வைத்தேன்.

"ஏக்கரா? நஞ்சையா புஞ்சையா?" என்று ஓரகத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். அவள் பெரியத்தா பக்கம் திரும்பி, "இந்தப் பேப்பர்லதான் இவளுக்கு அரியர், பெரியத்தா. டிகிரி இன்னும் கைக்கு வரல. நானும் சொல்லித் தரணும்னுதான் பாக்குறேன், ஏறணுமே" என்றாள்.

மாமி மெதுவாகக் கேட்டார்: "என்ன அரியரு? பத்திரிகையில பி.ஏ.ன்னு போட்டுருந்துச்சே?"

விருந்தாளிகள் போன பிறகு மாமி பெரிதாக ஒன்றும் கத்தவில்லை. பரீட்சையில் நின்றது தனக்குப் பெரிய விஷயமில்லை என்றார். மறைத்ததுதான் தாங்கவில்லை என்றார். "இதுல பொய் சொன்னவுக வேற எதுல சொன்னாகளோ" என்றார். கணவரின் அண்ணன் கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டார்.

அத்தா கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். விரல்களில் வார்னிஷ் கறை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அவசரத்தில் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தன் மருமகனைவிடக் கொஞ்சமே மூத்த அந்த அண்ணனின் முன்னால், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "என் தப்புதான் தம்பி. மகளைக் கரைசேக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன். அவளை ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. என் கணவர் ஒரு நாற்காலியை இழுத்து வந்தபோது அத்தா வாசலுக்குப் போய்விட்டார். ஓரகத்தி அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை ஊரறியக் கேலி செய்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அத்தாவை நிற்க வைத்ததை மறக்க முடியாது. அன்றைக்கே முடிவெடுத்தேன். அவளை நான் திட்டப் போவதில்லை, கணவரிடம் கோள்மூட்டப் போவதில்லை. அதே ஆட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் அவளைச் சாய்க்க வேண்டும்.

கொழுந்தன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து மாமி கண்ணயர்வார், ஓரகத்தி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வீடு எனக்குச் சொந்தமாகும். கதவைச் சாத்திக்கொண்டு அட்டைகளைப் பாயில் பரப்பினேன். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் போனில் போட்டு எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். நான் ஏக்கர் என்று வாசித்த ஊரை அரபியில் என்னவென்று சொல்வார்கள் என்று கொழுந்தனிடம் போனில் விசாரித்தேன்.

"அக்கா" என்றான்.

"என்னது?"

"அக்கா, அண்ணி. அந்த ஊரு பேரே அதான். நம்ம அக்கா தங்கச்சி மாதிரியே சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. 1191-இல் அக்காவை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1291-இல் அக்கா விழுந்தது. இந்த இரண்டு வருடங்களும் எனக்கு ஒருநாளும் மறக்காது.

தினமும் ஒற்றை ஆளாக இரண்டு கை ஆடினேன். ஒரு கை எனக்கு, ஒரு கை அவளுக்கு. அப்படி ஆடும்போதுதான், கல்லூரியில் ஏறாதது ஏறத் தொடங்கியது. எங்கள் பாடப் புத்தகத்தில் காரணங்கள் ஒரு பக்கம், விளைவுகள் ஒரு பக்கம், நடுவில் வருடங்கள் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதில் கோபம் இருக்காது. எனக்கு இப்போது கோபம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அட்டைகளைப் பங்காளிச் சண்டையாகப் படித்தேன். யார் முதலில் அடித்தது, அதற்கு யார் எத்தனை வருடம் காத்திருந்து திருப்பி அடித்தது, அந்த அடிக்கு மறு அடி எங்கிருந்து வந்தது. இப்படிக் கேட்டுக்கொண்டால் எந்த வருடமும் தனியாக நிற்காது. முன்னாலுள்ளதும் பின்னாலுள்ளதும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கணவர் சாப்பிட வருவார். அவரிடம் ஒப்பிப்பேன்.

"1099-ல சிலுவைக்காரங்க பைத்துல் முகத்தஸைப் புடிச்சு உள்ள இருந்த சனத்தை வெட்டிச் சாச்சாங்க. அதை யாராச்சும் மறப்பாங்களா?"

"எப்படி மறப்பாங்க" என்பார், வாயில் சோற்றோடு.

"1144-ல எடெஸ்ஸாங்கிற ஊரை நம்மாளுங்க திருப்பிப் புடிச்சாங்க. உடனே ஐரோப்பாவுலேருந்து ரெண்டு ராஜாக்க படையைக் கூட்டிட்டுக் கெளம்புனாங்க. எடெஸ்ஸாவை மீட்கப் போறவன் எங்க போகணும்?"

"எடெஸ்ஸாவுக்கு."

"டமாஸ்கஸுக்குப் போனாங்க. அதுவும் அவங்களோட ஒத்துமையா இருந்த ஊரு. 1148. நாலே நாள்ல தோத்துத் திரும்புனாங்க. அப்புறம் 1187-ல சுல்தான் பைத்துல் முகத்தஸையே எடுத்துட்டாரு."

"அவரு யாரையும் வெட்டலையாமே. ஆளுக்கு இம்புட்டுப் பணம்னு வாங்கிக்கிட்டு வெளிய விட்டாராமே. எங்க தாய்மாமா சொல்லிக் கேட்டுருக்கேன்."

"ஊரை வாங்கிட்டாருல்ல" என்றேன்.

அவர் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போரைப் பத்தித்தானே பேசுற?"

"வேற எதைப் பத்தி?"

"விட்டுரும்மா. அண்ணி ஒரு கிறுக்கு. வாய் தவறிச் சொல்லிட்டாக."

நான் அவருக்கு ரசம் ஊற்றினேன்.

அரியர் பரீட்சை வந்தது. கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கேள்வித்தாளில் சிலுவைப் போர்கள் இருந்தன. கேட்ட பக்கங்களைவிட அதிகம் எழுதினேன், கடைசியில் கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்காத குறை. பாஸாகிவிட்டேன். மாமியே தெருவில் நாலு வீட்டுக்கு லட்டு கொடுத்தனுப்பினார். ஓரகத்தியும் வந்து "சந்தோசம்" என்றாள். அத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லது. இனிமே அதை விட்டுரு" என்றார்.

நான் விடவில்லை. பாஸானது எனக்காக. அவளுக்குக் கொடுக்க வேண்டியது அப்படியே இருந்தது.

இதற்குள் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று. மாப்பிள்ளையின் பெரியத்தா நிர்வாகத்தில் இருந்த பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு வரலாற்று ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. மெட்ரிக் பள்ளியில் அவளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள், அவள் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டாள். அவர் முன்னால் தன்னைப் பெரிய டீச்சராகக் காட்ட ஒரு மக்கு மாணவி தேவைப்பட்டாள். அதற்கு நான் கிடைத்தேன். வாய் தவறியெல்லாம் இல்லை. இதை அவளே தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன். "பெரியத்தா மனசு வச்சா முடிஞ்சுரும்மா. நாத்தனா கல்யாணம் முடியட்டும், நேர்ல கேட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அடுத்து எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. பிரியாணி, தாளிச்சா, பிரட் அல்வா. வந்திருந்த ஆட்கள் அதே ஆட்கள். பெரியத்தா வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி அவருக்குப் பக்கத்தில் நல்ல சேலையில் நின்று, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பதமாகப் பேச்சைத் தொடங்கியிருந்தாள்.

நான் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன்.

"பெரியத்தா, போன தடவை நீங்க ஆசையா ஆடுனீங்கள்ல. ஒரு ஆட்டம் போடுவமா?"

"அடடே, கொண்டா கொண்டா" என்றார்.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பெட்டியை அவள் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவள் வரலாறு டீச்சர்.

பெரியத்தா, மாப்பிள்ளை, நாத்தனார், ஓரகத்தி, நான் என்று வட்டமாக உட்கார்ந்தோம். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அட்டையையும் பேசாமல் எடுத்து, வைத்து, திருப்பினேன். அந்தியோக்கியா சரி. எடெஸ்ஸா சரி. 1229-இல் சண்டையே போடாமல் ஒப்பந்தத்தில் எருசலேமை வாங்கிய ராஜா, சரி. பெரியத்தா "மாஷா அல்லாஹ்" என்றார். வரிசையின் கடைசியில் அக்கா விழுந்த 1291 கிடந்தது. அதற்குப் பிறகு அந்த அட்டைக்கட்டில் ஒன்றுமே கிடையாது. சிலுவைக்காரர்கள் அந்த மண்ணிலிருந்து கிளம்பிய வருடம் அது. எனக்கு அது தெரியும்.

ஓரகத்தியிடம் ஒரு அட்டைதான் மிச்சம். அது சரியாக விழுந்தால் அவள் ஜெயித்துவிடுவாள். என்னிடமும் ஒன்றுதான். அவள் அட்டையில் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்து, வரிசை முழுக்கப் பார்த்து, கையை வலது பக்கம் கொண்டுபோனாள். 1291-ஐத் தாண்டி.

அவள் எதை எதோடு குழப்பிக்கொண்டாள் என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

"அக்கா, நல்லா யோசிச்சு வைங்க" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இல்ல, ஏன் அங்க வைக்கிறீங்கன்னு எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன். பெரியத்தாவும் கேக்கட்டும்."

அவள் சொன்னாள். வகுப்பில் சொல்வது போலவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தது, பீரங்கி வைத்துக் கோட்டையை உடைத்தது, அதனால் ஐரோப்பியர்கள் கடல் வழி தேடிக் கிளம்பியது, 1453. பெரியத்தா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவள் முடித்ததும் நானே கையை நீட்டி அட்டையைத் திருப்பினேன்.

1204.

"அக்கா, நீங்க சொன்னது துருக்கிக்காரங்க புடிச்சது. அதுக்கு இன்னும் இருநூத்தம்பது வருசம் கெடக்கு. இது சிலுவைக்காரங்களே அடிச்சது. பைத்துல் முகத்தஸைப் புடிக்கப் போறோம்னு கெளம்பி, போற வழியில தன்னோட வேதக்காரங்க ஊரையே கொள்ளையடிச்சாங்க. நாலாவது சிலுவைப் போரு. ஒம்பதாவதுலயே இருக்குமேக்கா, நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றது இல்லையா?"

பெரியத்தா வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். "என்னம்மா டீச்சரே இப்படி வச்சா பிள்ளைக என்னத்தப் பண்ணும்?" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். ஓரகத்தியின் கழுத்து சிவந்தது.

என்னுடைய கடைசி அட்டையை வைத்தேன். 1270, டியூனிஸில் பிரெஞ்சு ராஜா நோயில் செத்தது. சரியான இடம். கை காலி.

"எனக்கு இந்தப் பேப்பர்ல அரியர் இருந்துச்சு பெரியத்தா" என்றேன். "இப்ப இல்ல."

அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். நாக்கிலேயே இனித்தது.

பாத்திரம் ஒதுக்கும்போது அவள் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அவரு வருவாருன்னு தெரிஞ்சுதானே பெட்டியை எடுத்த?"

"ஆமா."

"எனக்கு அந்த வேலை எம்புட்டு முக்கியம்னு உனக்குத் தெரியும்."

"எங்கத்தாவுக்கு அவரு மானம் எம்புட்டு முக்கியம்னு உங்களுக்கும் தெரியும்."

அவள் அழவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. விளையாட்டில் தோற்றதால்தான் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன், நம்ப விரும்பினேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அடுப்பு இரண்டானது. மாமி ஒரு வேளை அங்கே, ஒரு வேளை இங்கே என்று சாப்பிட்டார். அடுத்து கடையில் பேச்சு தடித்தது. கணவரின் அண்ணன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு விளாங்குடியில் வீடு பார்த்துப் போய், திண்டுக்கல் ரோட்டில் தனியாகக் கடை வைத்தார். சாமான்களை ஆட்டோவில் ஏற்றிய அன்று என் கணவரே கூட நின்று பீரோவைத் தூக்கிக் கொடுத்தார். மேலே வந்து முகம் கழுவிக்கொண்டு சொன்னார்: "நீ ஜெயிச்சுட்ட. எனக்குத்தான் அண்ணன் போச்சு."

சின்ன வயதிலிருந்து அண்ணனும் தம்பியும் மத்தியானச் சோற்றைக் கடையிலேயே ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள். அதற்குப் பிறகு அவர் கேரியர் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்த எரிச்சலும் அவள் மேல்தான் போனது. அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்குமா?

சில வருடம் போனது. ஒருநாள் மாமி விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மூத்த மருமகள் அரசுப் பரீட்சை எழுதி ஆசிரியர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள் என்றார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். மாமி தயங்கிவிட்டு, "உங்க ஊருதான். கொட்டாம்பட்டி" என்றார்.

அத்தா இதைப் பற்றிப் போனில் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு வேலை நாளில் சொல்லாமல் கிளம்பிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. அத்தா கடையில், காயில் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அத்தா ஏதோ சொல்ல அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமிருக்குன்னு உக்காந்தேன்" என்றாள்.

"உக்காருங்க" என்றேன். அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்னத்தா இது?"

"மொத நாளே வந்துச்சும்மா. வாசல்லயே நின்னு, 'மாமா, அன்னைக்கு உங்களை நிக்க வச்சுட்டோம், மன்னிச்சுக்கங்க'ன்னு அழுதுச்சு. வேலைக்கு வந்த பிள்ளை. ரோட்டுல நின்னு பஸ்ஸுக்குக் காயுது. நாந்தான் உக்காரச் சொன்னேன்."

"நீங்க மன்னிச்சுட்டீங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

"எங்கிட்ட அவங்க கேக்கலையே."

"உனக்கு அவ என்னம்மா பண்ணுனா? பண்ணுனது எனக்குத்தானே" என்றார் அத்தா.

என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. இத்தனை வருடம் அவருக்காகத்தான் சுமந்தேன். அவரோ கேட்ட உடனே கொடுத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பஸ் வருவதற்கு முன்னால் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அன்னைக்கு அந்த ஆட்டத்துல தோத்தேன்ல," என்றாள், "அந்த வெறியிலதான் திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். பரீட்சையில அந்தக் கேள்வியே வந்துச்சு. 1204."

நான் கொடுத்த அடி அவளுக்குச் சம்பளமும் பென்ஷனும் ஆகிவிட்டது. இதை எங்கே போய்ச் சொல்வது?

"நல்லது" என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாக அத்தாவுக்குக் கையசைத்தாள். எனக்கும் சேர்த்து அசைத்தாளா என்று தெரியவில்லை. நான் அசைக்கவில்லை.

போன பெருநாளுக்கு விளாங்குடியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே சஹனில், சேர்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில், எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவர் பக்கம் ஒருவர் கறியைத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார்கள். என் கணவர் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. அதற்காக எனக்குச் சந்தோஷம்தான். ஆண்கள் எழுந்ததும் மாமி எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சஹனை வைத்து, "ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பசியில்ல மாமி, நீங்க உக்காருங்க" என்றேன்.

நல்ல பசி. அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, தேக்சாவில் மிச்சமிருந்த பிரியாணியை ஒரு தட்டில் போட்டு நின்றபடியே சாப்பிட்டேன். வெளியே அவள் மாமியிடம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கறி நன்றாக வெந்திருந்தது. இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டேன்.